செல்பேசி வங்கிச் செயலிகளின் தொடர் பயன்பாடு

செல்பேசி வங்கிச் செயலி என்பது, வங்கிக் கணக்கில் உள்ள இருப்பைப் பார்க்கவும், பணம் அனுப்பவும் பெறவும், வைப்புத்தொகை தொடங்கவும், ஏடிஎம் அட்டையை முடக்கவும் திறன்பேசியில் நிறுவப்படும் மென்பொருள் ஆகும். இந்தியாவில் செல்பேசி வழி வங்கிச் சேவைக்கான வழிகாட்டு நெறிகளை ரிசர்வ் வங்கி 2008 அக்டோபரில் வெளியிட்டது. நொடியில் பணம் சேர்க்கும் ஐஎம்பிஎஸ் முறை 2010 நவம்பரிலும், யுபிஐ முறை 2016 ஏப்ரலிலும் வந்தன. 2025 ஆகஸ்ட் மாதத்தில் யுபிஐ வழியாக நடந்த பரிவர்த்தனைகள் முதன்முறையாக 2000 கோடியைத் தாண்டின.

ஒருவர் செயலியை முதல்முறை நிறுவுவது 'ஏற்பு' எனப்படும். நிறுவிய பிறகு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அதைக் கைவிடாமல் இருப்பது 'தொடர் பயன்பாடு'. இரண்டுக்கும் காரணங்கள் வேறு. ஏற்புக்கு ஒரு விளம்பரமோ, வங்கி ஊழியரின் வற்புறுத்தலோ, மகன் சொன்ன ஒரு சொல்லோ போதும். தொடர் பயன்பாட்டைப் பெரும்பாலும் முடிவு செய்வது, பணம் சிக்கிக்கொண்ட நாளில் செயலியும் வங்கியும் எப்படி நடந்துகொண்டன என்பதே.

பதிவு வேறு, பயன்பாடு வேறு

இந்த வேறுபாட்டை உணராமல் எண்ணிக்கையை மட்டும் துரத்தினால் என்ன நேரும் என்பதற்கு பாங்க் ஆப் பரோடாவின் 'பாப் வேர்ல்டு' செயலி ஓர் எடுத்துக்காட்டு. செயலியில் பதிவு செய்தோர் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்காக, வாடிக்கையாளர் கணக்குகளுடன் வேறு நபர்களின் செல்பேசி எண்கள் இணைக்கப்பட்டன என்று 2023 ஜூலையில் செய்தி வெளியானது. அந்தச் செயலியில் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதை நிறுத்தும்படி ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் 10 அன்று உத்தரவிட்டது. 2024 மே மாதத்தில்தான் தடை நீங்கியது. கணக்குக்கு உரியவருக்கே தெரியாத பதிவைப் பயன்பாடு என்று எப்படிக் கொள்வது? பள்ளியில் பெயர் இருப்பதும் மாணவர் வகுப்புக்கு வருவதும் ஒன்றல்ல என்பது ஆசிரியர்கள் அறிந்ததே.

2016 நவம்பர் 8 அன்று அறிவிக்கப்பட்ட பணமதிப்பிழப்பு இன்னொரு வகைப் பாடம். 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போனதால் பலர் வேறு வழியின்றிச் செயலிகளை நிறுவினர். அந்த ஆண்டு டிசம்பர் 30 அன்று அரசின் 'பீம்' செயலியும் வந்தது. பணத்தாள் திரும்பக் கிடைக்கத் தொடங்கியதும் ஒரு பகுதியினர் பழைய வழக்கத்துக்கே போனார்கள். மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். கட்டாயம் ஒருவரை வாசல்வரை கொண்டுவரும். உள்ளே இருக்க வைப்பதற்கு வேறு ஏதோ வேண்டும்.

எதனோடு ஒப்பிடுகிறார்கள்?

தூத்துக்குடிக்குத் தென்மேற்கே தாமிரபரணிக் கரையில் உள்ள ஏரல் பேரூராட்சியை எடுத்துக்கொள்ளலாம். கல்யாணச் சீர்வரிசைக்குப் பாத்திரம் வாங்கச் சுற்றுவட்டாரமே வரும் ஊர் இது. சுற்றிலும் நெல்லும் வாழையும். பக்கத்து ஆத்தூரின் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பகுதிக் குடும்பங்கள் பலவற்றில் ஒருவராவது சென்னையிலோ மும்பையிலோ மளிகைக் கடை வைத்திருப்பார், அல்லது கடையில் வேலை பார்ப்பார். சென்னைத் தெருக்களில் கடைக்காரரை 'அண்ணாச்சி' என்று அழைக்கும் வழக்கம் வந்ததே இந்தச் சீமைக்காரர்களால்தான்.

வெளியூரில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் தேவை இங்கே புதிதல்ல. நெடுங்காலம் அதற்கு மணியார்டர்தான் வழி. அஞ்சல் துறை 20 ரூபாய்க்கு 1 ரூபாய் வீதம் கட்டணம் வாங்கியது. அதாவது 1000 ரூபாய் அனுப்ப 50 ரூபாய். பணம் போய்ச் சேரச் சில நாட்கள் ஆகும். சேர்ந்ததற்கு அடையாளமாகக் கையெழுத்திட்ட துண்டுச்சீட்டு திரும்பி வர இன்னும் சில நாட்கள். வங்கிகளும் இந்த வட்டாரத்துக்குப் பழையவை. தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 1921இல் நாடார் வங்கி என்ற பெயரில் தூத்துக்குடியில் தொடங்கி, 1962இல் இப்போதைய பெயரைப் பெற்றது. ஆனால் கிளைக்குப் போவதென்றால் பேருந்து, வரிசை, செலான், 'சாப்பாட்டு நேரம், பிறகு வாருங்கள்' என்ற பதில் எல்லாம் உண்டு. கடையை மூடிவிட்டுப் போகிற அரை நாள் வியாபாரமும் அந்தக் கணக்கில் சேரும்.

செயலியின் பயனை வாடிக்கையாளர் அளப்பது இந்த நினைவுகளோடு ஒப்பிட்டுத்தான். சென்னையில் இரவு பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு ஒருவர் அனுப்பும் 5000 ரூபாய், அவர் வீடு போய்ச் சேரும் முன்பே ஏரலில் உள்ள தாயின் கணக்கில் ஏறிவிடுகிறது. கட்டணம் இல்லை. சேமிப்புக் கணக்கிலிருந்து இணைய வழியில் செய்யும் நெஃப்ட் பரிமாற்றத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்ற விதி 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதலும், 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் அனுப்ப உதவும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதலும், ஞாயிறு உட்பட எல்லா நாளும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. வெளியூர் மொத்த வியாபாரிக்குச் சரக்குப் பணம் கட்டும் பாத்திரக் கடைக்காரருக்கு, விருப்பமான வண்ணத்தில் முகப்பை மாற்றிக்கொள்ளும் வசதியைவிட இது எத்தனையோ மடங்கு பெரிது. செயலி வடிவமைப்பவர்கள் இதைச் சில வேளைகளில் மறந்துவிடுகிறார்கள்.

ஆய்வாளர்கள் தரும் விளக்கம்

ஒரு பொருளை வாங்கியவர் திருப்தி அடைவதும் அடையாததும், வாங்குமுன் அவர் கொண்டிருந்த எதிர்பார்ப்பு நிறைவேறியதா என்பதைப் பொறுத்தது என்று ரிச்சர்ட் ஆலிவர் 1980இல் எழுதினார். அனோல் பட்டாசார்ஜி 2001இல் இந்தக் கருத்தைத் தகவல் தொழில்நுட்பத்துக்குக் கொண்டுவந்தார். அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர்களும் இணைய வழி வங்கிச் சேவையின் பயனர்களே. எதிர்பார்த்தது உறுதிப்பட்டால் திருப்தி வரும், பயன் இருக்கிறது என்ற எண்ணம் வலுப்படும், இவ்விரண்டும் சேர்ந்து தொடர்ந்து பயன்படுத்தும் எண்ணத்தை உண்டாக்கும் என்பது அவர் கண்ட முடிவு. அந்த இரண்டில் திருப்தியின் பங்கே பெரிதாக இருந்தது.

இதற்கு முன் பெரிதும் பேசப்பட்டது பிரெட் டேவிஸ் 1989இல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி. பயன், எளிமை ஆகிய இரண்டும்தான் ஏற்பை முடிவு செய்கின்றன என்றது அது. பட்டாசார்ஜியின் மாதிரியில் எளிமைக்குத் தனி இடம் இல்லை. சைக்கிள் ஓட்டப் பழகியவர் அது எளிதா கடினமா என்று யோசிப்பதில்லை. செயலியும் அப்படியே. முதல் வாரத்தில் பெரிதாகத் தெரியும் சிக்கல் ஆறாவது மாதத்தில் கவனத்துக்கே வராது.

2007இல் லிமாயெம், ஹிர்ட், சியுங் ஆகிய மூவரும் பழக்கத்தின் பங்கைச் சேர்த்தார்கள். பழக்கம் வலுக்க வலுக்க, 'தொடர்ந்து பயன்படுத்த வேண்டும்' என்ற எண்ணத்துக்கு வேலை குறைகிறது என்றார்கள். தேநீர் குடித்துவிட்டு, ஏன் என்று யோசிக்காமலே கை செல்பேசிக்குப் போவதை இன்று எந்தக் கடைவீதியிலும் காணலாம். திருப்திதான் காரணம் என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டால் விடை பாதிதான் சரியாக இருக்கும்.

பணம் நடுவில் நிற்கும்போது

எதிர்பார்ப்பு உண்மையில் சோதிக்கப்படுவது, பணம் கணக்கிலிருந்து போய், எதிராளிக்குச் சேராமல் நிற்கும்போதுதான். இது எப்படி நேர்கிறது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

யுபிஐயில் பணம் அனுப்பும்போது கட்டளை நேரே மறுபக்கம் போவதில்லை. செயலியிலிருந்து அது தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் மைய இணைப்புக்குப் போகும். அங்கிருந்து அனுப்புநரின் வங்கிக்குப் போகும். வங்கி ரகசிய எண்ணைச் சரிபார்த்து, கணக்கில் பற்று வைத்து, பதில் சொல்லும். பிறகு மைய இணைப்பு பெறுநரின் வங்கியிடம் வரவு வைக்கச் சொல்லும். அந்த வங்கி பதில் தந்த பின்தான் இருபுறமும் 'வெற்றி' என்று காட்டும். இந்தச் சங்கிலியில் பற்று வைத்தபின் ஒரு கண்ணி பதில் சொல்லாமல் விட்டாலும், பணம் கழிந்தும் சேராத நிலை வரும். திரையில் 'நிலுவையில் உள்ளது' என்று ஒரு வரி மட்டும் நிற்கும். மறுபடி அனுப்பினால் இரண்டு முறை போய்விடுமோ என்ற அச்சம் ஒருபுறம், எதிரே நிற்கும் கடைக்காரரின் பார்வை மறுபுறம்.

இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று கெடு விதித்தது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் கழிந்து சேராமல் போனால், மறுநாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்திய பணத்துக்கு உறுதிச் செய்தி வராவிட்டால் 5 நாட்களுக்குள் திரும்ப வேண்டும். தாமதித்தால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, வாடிக்கையாளர் கேட்காமலே தர வேண்டும்.

பிழையே நேராத செயலி எதுவும் கிடையாது. யுபிஐ அமைப்பே 2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் நாடு முழுவதும் தடைப்பட்டது. அந்த நாட்களுக்குப் பிறகு மக்கள் கூட்டமாகப் பணத்தாளுக்குத் திரும்பிவிடவில்லை. பிழை நேர்ந்தபோது பணம் சொன்ன நாளில் திரும்பியதா, திரும்பும் என்று யாராவது புரியும் சொற்களில் சொன்னார்களா என்பதையே வாடிக்கையாளர் நினைவில் வைக்கிறார். கழிந்த 300 ரூபாய் மறுநாள் காலையில் திரும்பி வந்துவிட்டால், நம்பிக்கை முன்பைவிடக் கூடுவதும் உண்டு. கிளைக்கு மூன்று முறை நடந்து, 'அது எங்கள் பக்கம் இல்லை' என்ற பதிலோடு திரும்பியவர் செயலியை அழிக்காமல் இருக்கலாம். ஆனால் அதன் பிறகு பெரிய தொகையை அதில் அனுப்ப மாட்டார். தொடர் பயன்பாடு இப்படிச் சுருங்கிப்போவதும் உண்டு. வங்கிகளின் புள்ளிவிவரத்தில் அவர் இன்னும் 'செயல்படும் பயனர்'தான்.

சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல வங்கிகளின் குறுஞ்செய்திகள் இன்றும் ஆங்கிலத்தில் வருகின்றன. 'டெபிட்டட்', 'கிரெடிட்டட்' என்ற இரண்டையும் வேறுபடுத்த முடியாத முதியவர்கள், செய்தி வந்ததும் பணம் வந்ததா போனதா என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்கிறார்கள். பற்று, வரவு என்ற நல்ல சொற்கள் தமிழ்க் கணக்கேடுகளில் தலைமுறைகளாக இருக்கின்றன. அவற்றைச் செயலியில் இடுவது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல.

2023 டிசம்பர் வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழை ஏரலை மூழ்கடித்தது. ஏரலுக்கு அருகே உள்ள கடற்கரை ஊரான காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கரை கடந்தது, ஏரலின் ஆற்றுப் பாலம் சேதமடைந்தது, கடைவீதிக்குள் வெள்ளம் புகுந்து சரக்குகள் பாழாயின. மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் அறுந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன திருச்செந்தூர் ரயிலின் பயணிகள் வெளியுலகத் தொடர்பின்றித் தவித்தது நாடறிந்த செய்தி.

இத்தகைய நாளில் செல்பேசி வங்கி என்பது வெறும் கண்ணாடிச் சில்லு. சென்னையிலிருந்து மகன் அனுப்பும் பணம் கணக்கில் ஏறலாம், ஆனால் ஏறியதை அறியவோ, எடுக்கவோ, கடையில் கொடுக்கவோ வழியில்லை. கியூஆர் அட்டை ஒட்டிய கடையே தண்ணீருக்குள் இருக்கும்போது எதை ஸ்கேன் செய்வது? தமிழ்நாடு அரசு கடும் பாதிப்புக்குள்ளான வட்டங்களின் குடும்பங்களுக்கு அறிவித்த 6000 ரூபாய் நிவாரணமும் நியாயவிலைக் கடைகள் வழியே ரொக்கமாகத்தான் வழங்கப்பட்டது.

அப்படியிருந்தும் மின்சாரமும் கோபுரமும் திரும்பியதும் கியூஆர் அட்டைகளும் கடைவீதிக்குத் திரும்பின. ஒரு தவறு யாருடையது என்று மக்கள் கருதுகிறார்கள் என்பது இங்கே முக்கியம். வெள்ளத்தால் நின்றதை யாரும் செயலியின் குற்றமாக எண்ணுவதில்லை. வெயில் அடிக்கும் சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் 'வங்கியின் சேவையகம் கிடைக்கவில்லை' என்று வந்தால்தான் கோபம் வருகிறது. வெள்ளம் கற்பித்த வேறொன்று நிற்கிறது: செயலியைப் பயன்படுத்துவோரும் அலமாரியில் ஒரு கட்டுப் பணத்தாள் வைத்துக்கொள்கிறார்கள். இதைச் செயலியின் மீதான அவநம்பிக்கை என்று கொள்ள வேண்டியதில்லை. கிணறு இருக்கும் வீட்டிலும் குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பார்கள்.

கடைக்காரரின் பக்கம்

ஒருவர் செயலியைத் தொடர்வது அவர் விருப்பத்தை மட்டும் பொறுத்ததல்ல, எதிரே இருப்பவர் அதை வாங்குகிறாரா என்பதையும் பொறுத்தது. யுபிஐ வழி பெறும் தொகைக்கு வணிகரிடம் வாங்கப்பட்ட கட்டணம் 2020 ஜனவரி முதல் நீக்கப்பட்டது. அதனால்தான் பூக்காரரும் இளநீர் விற்பவரும்கூட அட்டை வைத்திருக்கிறார்கள். சில்லறைத் தட்டுப்பாடு தீர்ந்தது அவர்களுக்குக் கிடைத்த முதல் லாபம்.

பணம் வந்துவிட்டதை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டி கடைக்காரர்களைத் தக்கவைத்த இன்னொரு காரணம். போலியான 'வெற்றி' திரையைக் காட்டிவிட்டுப் போகும் ஏமாற்றுக்காரர்களால் நொந்தவர்களுக்கு, கை வேலையாக இருக்கும்போதும் காதில் விழும் அந்தக் குரல்தான் ரசீது. செயலியின் மற்ற எல்லா வசதிகளையும் எடுத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் விட்டாலும் பல சிறுகடைக்காரர்கள் குறை சொல்ல மாட்டார்கள்.

இரண்டு செயலிகள்

பெரும்பாலோர் அன்றாடச் செலவுக்குத் தங்கள் வங்கியின் சொந்தச் செயலியைத் திறப்பதில்லை. யுபிஐ பரிவர்த்தனைகளில் மிகப் பெரும் பங்கு போன்பே, கூகுள் பே ஆகிய இரண்டின் வழியாகவே நடக்கிறது. ஆயினும் வங்கிச் செயலி செல்பேசியிலிருந்து நீக்கப்படுவதில்லை. கணக்கு அறிக்கை எடுக்க, வைப்புத்தொகையைப் புதுப்பிக்க, காசோலைப் புத்தகம் கேட்க, தொலைந்த அட்டையை நள்ளிரவில் முடக்க அது வேண்டும். ஒன்று சட்டைப்பை, மற்றொன்று பெட்டி. பெட்டியைத் தினமும் திறக்கவில்லை என்பதால் அதை விட்டுவிட்டார்கள் என்று கணக்கிடுவது பிழை.

இரண்டிலும் மக்கள் அடிக்கடி செய்வது இருப்பைப் பார்ப்பது. இந்த வழக்கம் அமைப்பின் மீதே சுமையாகிவிட்டதால், ஒரு செயலியில் நாளொன்றுக்கு 50 முறைக்கு மேல் இருப்புப் பார்க்க முடியாது என்று 2025 ஆகஸ்ட் 1 முதல் வரம்பு வைக்கப்பட்டது. இருப்பு எண் என்பது மனநிம்மதியின் எண். அந்த எண்ணையே நம்ப முடியாமல் போன விசித்திரமும் நடந்தது. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியில் ஒரு சென்னை வாடகைக் கார் ஓட்டுநரின் கணக்கில் 9000 கோடி ரூபாய் தவறுதலாக வரவு வைக்கப்பட்டது. ஏமாற்றுச் செய்தியோ என்று ஐயுற்ற அவர், நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பிச் சோதித்த பிறகே அதை நம்பினார். திரையில் தெரியும் எண்ணைவிட, அனுப்பிய பணம் போய்ச் சேருவதே சாட்சி.

தொடர்வது எல்லாம் திருப்தியால் அல்ல என்பதற்கும் இங்கேதான் விளக்கம் கிடைக்கிறது. செயலி முதல்முறை பதியும்போது, செல்பேசியில் உள்ள சிம்மிலிருந்து தானாக ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, அந்த எண்ணையும் அந்தக் கருவியையும் கணக்கோடு முடிச்சிடுகிறது. பாதுகாப்புக்கு இது நல்லது. வேறு வங்கிக்கு மாற நினைப்பவர் இந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும்: சம்பளக் கணக்கு, எரிவாயு மானியம், காப்பீட்டுத் தவணை, மாதாந்திரத் தானியங்கிக் கட்டணங்கள். மாறுவதன் தொல்லை பெரிது என்பதால் குறையோடு இருந்துகொள்வோர் பலர்.

மோசடி அச்சமும் விட்டுச் செல்வோரும்

செயலியைக் கைவிடுவோர் சொல்லும் முதல் காரணம் மோசடி பற்றிய பயம். பயம் வீண் அல்ல. ஆனால் விதிகள் தெரிந்தால் பயத்தின் அளவு குறையும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் பக்கத்திலும் வங்கி பக்கத்திலும் தவறில்லாமல் மூன்றாம் நபரால் பணம் போயிருந்தால், வங்கியின் அறிவிப்பு வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு எதுவும் இல்லை. ஓடிபியையோ ரகசிய எண்ணையோ தானே சொல்லிக் கொடுத்துவிட்டால், வங்கியிடம் தெரிவிக்கும் நேரம் வரை போன பணத்துக்கு அவரே பொறுப்பு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. எனவே தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம்தான். 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்துப் புகார் செய்தால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்புண்டு. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை என்ற ஒரே செய்தியை வீட்டில் உள்ள முதியவர்களுக்குச் சொல்லிவைத்தாலே பல ஏமாற்றுகள் பலிக்காமல் போகும்.

பேரப்பிள்ளையிடம் செல்பேசியையும் ரகசிய எண்ணையும் கொடுத்துப் பணம் அனுப்பச் சொல்லும் முதியவர்கள் கணக்கில் 'பயனர்'கள். உண்மையில் பயன்படுத்துவது பிள்ளை. பிள்ளை வேலைக்கு வெளியூர் போனதும் பயன்பாடு நின்றுவிடுகிறது. திறன்பேசி இல்லாதோருக்காக 2022 மார்ச்சில் வந்த 'யுபிஐ 123பே' சாதாரண பொத்தான் செல்பேசியிலேயே அழைப்பு வழியாகப் பணம் அனுப்ப உதவுகிறது. அதைப் பற்றிக் கிளைகளில் ஒரு தமிழ் அறிவிப்பு வைத்தால் நன்றாயிருக்கும்.

விட்டுவிட வேண்டும் என்று எண்ணாமலே விட்டுப்போகிறவர்களும் உண்டு. ரீசார்ஜ் செய்யாமல் எண் காலாவதியாகிவிட்டால், 90 நாட்களுக்குப் பிறகு அது வேறொருவருக்கு வழங்கப்படலாம். அந்த எண்ணோடுதான் கணக்கு முடிச்சிடப்பட்டிருக்கிறது. இப்படி முடக்கப்பட்டும் கைமாறியும் போன எண்களின் பட்டியலைக் கொண்டு வங்கிகளும் செயலி நிறுவனங்களும் வாரம் ஒருமுறையாவது தங்கள் பதிவுகளைச் சரிசெய்ய வேண்டும் என்ற நடைமுறை 2025 மார்ச் இறுதியில் வந்தது. எண்ணை இழந்தவர் செயலிக்குள் மறுபடி நுழைய, வங்கியில் புதிய எண்ணைப் பதிவு செய்ய வேண்டும்.